தோல்கிடங்குச் சந்து, பழைய எண் ஏழு

1

டொராண்டோவில் நான் வேலை பார்க்கும் வரைபட அலுவலகத்தில் ஒவ்வொரு வீட்டு முகவரிக்கும் ஓர் அட்டை உண்டு. அந்த வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் எந்த வருடம் வந்தது, குழாய் ஈயமா செம்பா, எத்தனை அடி ஆழத்தில் போகிறது, யார் வரைந்தார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். பழைய வீடு வாங்குகிறவர்கள் வந்து கேட்பார்கள். நான் இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுப்பேன். முன்பின் தெரியாதவர்களின் வீட்டு வரலாறு எனக்குத் தெரிந்த அளவுக்கு என் சொந்த வீட்டு வரலாறு தெரியாது என்பது போன ஜூன் மாதம் வரை எனக்கு உறைக்கவில்லை.

அப்பா இறந்தபின் அம்மா திண்டுக்கல்லில் தனியாக இருந்தார். இங்கே அழைத்துக்கொள்வதற்கான பாரத்தை நிரப்பினேன். பதினெட்டு வயது முதல் வசித்த முகவரிகளை எல்லாம் எழுதச் சொல்லியிருந்தது. அம்மாவுக்கு இரண்டே முகவரிகள். பிறந்தது வடமதுரை, கட்டிக்கொண்டு வந்தது தோல்கிடங்குச் சந்து. முதலில் எழுதிய தாளில் மதுரை மாவட்டம் என்றும் அடுத்த தாளில் திண்டுக்கல் மாவட்டம் என்றும் இருந்ததைப் பார்த்த அதிகாரி, எப்போது இடம் மாறினார்கள் என்று கேட்டார்.

"அவர்கள் மாறவில்லை. மாவட்டம் மாறிவிட்டது" என்றேன்.

அவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, அந்த வீட்டில்தான் இருக்கிறார் என்பதற்கு ஏதாவது சான்று வேண்டும் என்றார். வீட்டு வரி ரசீதை உன் பெயருக்கு மாற்றி ஒரு நகல் அனுப்பு என்று அம்மாவுக்கு எழுதினேன்.

ரசீது வரவில்லை. ஒரு கடிதம்தான் வந்தது.

"ரீட்டாவுக்கு அம்மா எழுதுவது. வரி பேர் மாத்த எழுதிக் குடுத்தேன். உங்க அப்பா பேருக்கு முன்னாடி ஞானம்மாள் க/பெ அந்தோணிசாமின்னு இருக்குதாம். எனக்கு முந்தி இந்த வீட்டுல ஒருத்தி இருந்திருக்கா. வருசத்துக்கு நான் பூசை வைக்கப்போறதில்லை. உனக்கு விவரம் தெரிஞ்சா எழுது. மழை இல்லை."

அப்பா பெயர் அந்தோணிசாமி. வருசம் என்று அம்மா எழுதியது அவர் இறந்து ஓராண்டு நிறையும் நாளை. அது செப்டம்பரில் வந்தது. தினமும் காலைப் பூசைக்குப் போகிற அம்மா, புருஷனின் முதல் வருசத்துக்குப் பூசை வைக்காமல் விட்டால் சந்து முழுக்கத் தெரியும். தெரிந்தால் தெரியட்டும் என்று முடிவுசெய்தபின்தான் எழுதியிருக்கிறார் என்று கையெழுத்திலிருந்தே தெரிந்தது. ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. ஒரு தாளை எடுத்து, பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதினேன். மூன்று வார விடுப்புக்கு மனுக் கொடுத்தேன்.

2

அப்பா கணக்கு வாத்தியார். எதையும் ஒன்று இரண்டு என்று எண் போட்டு எழுதும் பழக்கம் அவரிடமிருந்து எனக்கு வந்தது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், அது குழம்பில் உப்புக் கூடியதாக இருந்தாலும், கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து நிற்பார்.

"இது நான் வாங்குன வீடு. புடிக்கலேன்னா வடமதுரைக்குப் பஸ்ஸா இல்ல?"

அம்மா அடுப்படிக்குப் போய் வெஞ்சனத்தைக் கிண்டிக்கொண்டிருப்பார்.

ஒரே ஒருமுறை போனார். எனக்கு ஏழு வயது இருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார். வடமதுரை போகும் வண்டிகள் வந்தன. ஒன்று போனது, இரண்டு போனது, மூன்றாவதும் போனது. கண்டக்டர் படியில் நின்று, "ஏக்கா, ஏறுதியா இல்லையா?" என்று கேட்டார். அம்மா எனக்கு ஒரு சிறுமலைப் பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். வீட்டு வாசலில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, பஸ் இல்லையாக்கும்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அம்மா மன்னித்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் வீடு அவர் வாங்கியது என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. பத்திரத்தைக் காட்டு என்று அம்மா கேட்டதில்லை. அவர் இறந்தபின் பெட்டியைத் திறந்தபோது வரி ரசீதுகள் மட்டும் நூல் கட்டி இருந்தன.

3

ஜூலை கடைசியில் நானும் ஆறு வயது மகள் ஷீலாவும் போய் இறங்கினோம். கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. வாசலிலேயே ஷீலா நின்றுவிட்டாள். நிலையில் பழைய தகட்டில் 7 என்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் தாரால் 12 என்று எழுதியிருக்கிறது. கீழே மலேரியாக்காரர்கள் வந்து போன தேதியோடு 31 என்று இன்னொன்று.

"இதில் எது உண்மையான வீடு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"என்னடி சொல்லுது புள்ள?" என்றார் அம்மா.

சொன்னேன்.

"நல்லாக் கேட்டா போ. வந்த அன்னைக்கே கண்டுபுடிச்சுட்டா. எனக்கு முப்பத்திரண்டு வருசமாச்சு."

அம்மா இளைத்திருந்தார். சின்னாளபட்டிச் சேலையை முன்பைவிட ஒரு சுற்று அதிகமாகச் சுற்றியிருந்தார். குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். அன்று தண்ணீர் வரும் நாள் என்பதால் பேச்சை நிறுத்திவிட்டுக் குடங்களை எடுத்தார். நானும் பிடித்தேன். தண்ணீர் நின்றதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அவ செத்தாளா, இவரு விட்டுட்டு வந்தாரா, அதை மட்டும் கேட்டுட்டு வா. வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

நான் என் தாளைக் காட்டினேன். நகராட்சி, கோயில், பத்திரப்பதிவு அலுவலகம் என்று மூன்று இடங்கள் எழுதி, எங்கே எதைக் கேட்க வேண்டும் என்று பக்கத்தில் குறித்திருந்தேன்.

"ஏண்டி, லிஸ்ட்டு போடத்தான் ஏரோப்பிளேன் ஏறி வந்தியா?"

"லிஸ்ட்டு இல்லாம எப்படிம்மா தேடுறது?"

"அப்படியே உங்க அப்பாதான்" என்றார். அதை அவர் பாராட்டாகச் சொல்லவில்லை.

4

வரிப் பதிவேடுகள் இருந்த அறையில் ஒரே ஒரு பெரியவர் இருந்தார். நரைத்த மீசை. கனடாவிலிருந்து வருகிறேன் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் செருப்பைப் பார்த்து அவரே கேட்டுவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், "செத்த நேரம் உக்காருங்க" என்று உள்ளே போய், தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார் ஒரு பதிவேட்டை. அவ்வளவு பெரியது.

தோல்கிடங்குச் சந்து, எண் ஏழு. அம்மா எழுதியது போலத்தான் இருந்தது. முதல் வரியில் ஞானம்மாள். அடுத்த வரியில், பெயர் மாற்றமாகி, அந்தோணிசாமி. ஆனால் ஞானம்மாளுக்குப் பின்னால் இருந்த எழுத்தின் வால் மங்கிப் போயிருந்தது. மேலே பார்த்தால் க. கீழே உற்றுப் பார்த்தால் ஒரு சுழிப்பின் நிழல் இருந்தது. க/பெ என்றால் கணவர் பெயர். த/பெ என்றால் தகப்பனார் பெயர். ஒரு வாலுக்குள் மனைவியும் மகளும் இருந்தார்கள்.

எனக்கு எழுத்து வரைவது தொழில். பையிலிருந்து ஒளிபுகும் தாளை எடுத்து, அதே பக்கத்தில் அந்தக் குமாஸ்தா எழுதிய க எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிரதியெடுக்கத் தொடங்கினேன். பதினோராவது எழுத்தில் இருந்தபோது பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"இது க-வா த-வான்னு பாக்குறேன்."

"ஏம்மா, அந்தோணிசாமியிலயே ஒரு தோ இருக்கே. பக்கத்துலதான் எழுதியிருக்கான். அதைப் பாருங்க."

பார்த்தேன். அதே கை, அதே மை, அதே வால். ஞானம்மாள் த/பெ அந்தோணிசாமி. அடுத்த வரியில் அப்பா: அந்தோணிசாமி த/பெ சவரிமுத்து. அவர் வேறு, இவர் வேறு.

"இந்த ஊருல கல்லை விட்டெறிஞ்சா அது அந்தோணிசாமி மேலதான் விழும்" என்றார் பெரியவர். "இதைத் தேடியா கனடாவுல இருந்து வந்தீங்க?"

அம்மாவுக்காகப் பதிவேட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தவர் வெளியே மரத்தடியில் மனு எழுதுகிறவர். அவரிடமும் போய்க் கேட்டேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்சமும் அசரவில்லை.

"பொம்பளை பேர்ல இருந்த வீடு ஆம்பளை பேருக்கு வருது. அவரும் அந்தோணிசாமி, இவரும் அந்தோணிசாமி. புருசன் பொஞ்சாதின்னு நினைக்காம வேற என்னம்மா நினைக்கச் சொல்றீங்க?"

வேறு என்ன நினைக்கலாம் என்று எனக்கும் அப்போது தெரியவில்லை.

5

கோயில் பதிவேடுகளில் ஒரு காலை போதுமானதாக இருந்தது. ஞானஸ்நானப் பதிவில் ஞானம்மாள் கிடைத்தார். தகப்பனார் அந்தோணிசாமி, தோல்கிடங்கு மேஸ்திரி. திருமணப் பதிவில் அவர் பெயரே இல்லை. அப்பாவின் பெயர் ஒரே ஒருமுறை இருந்தது, அம்மாவின் பெயரோடு. அப்பாவுக்கு நேரே பிரம்மச்சாரி என்று எழுதியிருந்தது.

தாளில் இரண்டு இடங்களுக்கு நேரே சரி போட்டேன். இங்கேயே நிறுத்தியிருக்கலாம். அம்மா கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் மூன்றாவது இடம் எழுதப்பட்டிருந்தது. எழுதிவிட்ட ஒன்றைப் பார்க்காமல் விட எனக்குத் தெரியாது.

6

வில்லங்கச் சான்றுக்கு எழுதிக் கொடுத்து ஆறு நாள் ஆனது. இந்தப் பெயரை டொராண்டோவில் என்னோடு வேலை பார்க்கும் டோரிஸிடம் பிறகு விளக்கப் பார்த்தேன். வீட்டின் மீது யாருக்கு என்ன பாத்தியதை என்று சொல்லும் தாளுக்கு, தொல்லை என்ற அர்த்தம் வரும் பெயரையா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

சான்றில் விற்பனை இல்லை. அப்பா அந்த வீட்டை வாங்கவில்லை. ஞானம்மாள் அவருக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருந்தார், என் பெற்றோர் கல்யாணத்துக்கு ஒன்றரை வருடம் முன்பு.

பத்திரத்தின் நகலையும் வாங்கினேன். பழைய கையெழுத்து எனக்குப் பிடிபடாததால் பக்கத்தில் இருந்த ஒரு பத்திர எழுத்தரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடகடவென்று வாசித்தார். "தகப்பனார் காலமாகி எனக்கு வேறு வாரிசு இல்லாதபடியாலும், நான் வெளியூர் சென்று வசிக்க உத்தேசித்திருப்பதாலும், தங்கள் பேரில் எனக்குள்ள பிரியத்தை முன்னிட்டும்..."

"பிரியம்னா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா. தானம்னா பிரியம் போட்டாகணும். எங்களுக்கு அது மை மாதிரி, தொட்டுத் தொட்டு எழுதிக்கிட்டே போவோம். அண்ணனும் தம்பியும் மூஞ்சி குடுத்துப் பேசமாட்டான், எழுதிக் குடுக்க வருவான். அவனுக்கும் பிரியம்தான் போடுவோம்." அவரே சிரித்தார். "எழுதிக் குடுத்த அம்மா உங்க அப்பாவுக்கு என்ன உறவு? அத்தையா?"

"உறவு இல்லை."

"வயசான அம்மாவா?"

"கோயில் பதிவுப்படி அப்ப வயசு முப்பத்திரண்டு."

"வாங்குனவருக்கு?"

"இருபத்தியேழு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நகலை அதன் மடிப்பிலேயே மடித்து என்னிடம் கொடுத்தார்.

"டீ சாப்புடுறீங்களாம்மா?" என்றார்.

7

அன்று சாயங்காலம் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து வரிசையாகச் சொன்னேன். ஞானம்மாள் அப்பாவின் மனைவி இல்லை. அவள் வேறொரு அந்தோணிசாமியின் மகள். மனு எழுதினவர் தப்பாக வாசித்துவிட்டார். கோயில் பதிவும் அதைத்தான் சொல்கிறது.

அம்மா தலையைத் தூக்கவில்லை. பூண்டு தட்டில் விழுந்துகொண்டிருந்தது. முகத்தில் ஓர் இளக்கம் வந்ததைப் பார்த்தேன். அந்த இடத்தில் நான் வாயை மூடியிருந்தால் செப்டம்பரில் பூசை நடந்திருக்கும்.

"இன்னொன்னும் இருக்கும்மா" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இந்த இரண்டு மாதங்களாக யோசிக்கிறேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற பெரிய எண்ணமெல்லாம் இல்லை. மூன்று இடங்களில் மூன்றாவதன் விடையைச் சொல்லாவிட்டால் கணக்கு முடியாது என்பதுதான் காரணம். பத்திர எழுத்தர் வாசித்ததை அப்படியே ஒப்பித்தேன். பிரியம் என்பது எல்லாப் பத்திரத்திலும் போடுகிற சொல்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அம்மா பிரியத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"வாங்கலையா?" என்றார்.

"இல்லைம்மா."

"சும்மா குடுத்தாளா?"

"ஆமா."

"முழு வீட்டையுமா?"

"ஆமாம்மா."

கத்தியைக் கீழே வைத்தார். எதிர்ச் சுவரைப் பார்த்தார். பிறகு தூலத்தை, சன்னலை, அடுப்படி வாசலை. முதல்முறையாக அந்த வீட்டுக்குள் வந்தவர் பார்ப்பதைப் போலப் பார்த்தார்.

"ஒருத்தி இம்புட்டையும் குடுத்துட்டுப் போயிருக்கா. அவ பேரை ஒருநா சொல்லலையே இந்த மனுசன். நான் வாங்குன வீடு, நான் வாங்குன வீடுன்னு..." நிறுத்தினார். "எனக்கு நாக்குல வருது, புள்ளை இருக்கா."

ஷீலா தரையில் பூண்டுத் தோல்களை அடுக்கி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது.

"அவங்களுக்குள்ள என்னன்னு நமக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"என்னவா இருந்தா எனக்கென்னடி? அதைக் கேக்குறதுக்கு இவரும் இல்லை, அவ எங்க இருக்கான்னும் தெரியலை. ஒரு பொம்பளை குடுத்த வீட்டுல இருந்துக்கிட்டு ஒரு பொம்பளையப் போ போன்னு சொன்னாரு பாரு. அதுதான்."

கிளம்புகிற நாளில் டாக்சி சந்து முனையில் நின்றது. ஷீலாவுக்கு அம்மா தலைசீவிக்கொண்டிருந்தார். செப்டம்பர் பூசையைப் பற்றி அப்போதுதான் கேட்டேன்.

"வருசத்துக்கு என்னம்மா செய்யப் போற?"

"நான் பாத்துக்கிறேன். நீ போ" என்றார்.

பதினேழு மணி நேரப் பயணத்தில் ஏதோ ஓர் இடத்தில், மறக்காமல் பையைத் திறந்து, தாளின் கடைசியில் பூசை என்று எழுதி அதற்கு நேரே சரி போட்டேன்.

8

அந்த நாள் வந்தது. திண்டுக்கல்லில் காலை ஆறு மணி என்றால் இங்கே முந்தின நாள் சாயங்காலம் எட்டரை. ஷீலாவைக் குளிப்பாட்டித் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். கடிகாரத்தைப் பார்த்து, இப்போது அப்பா பெயரை வாசிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அம்மா, வலிக்குது" என்று ஷீலா ஆங்கிலத்தில் சொன்னாள். கையைத் தளர்த்தினேன். அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் அலுவலகம் போனேன். பதினாறு அட்டைகள் முடித்தேன்.

அம்மாவின் கடிதம் போன வாரம் வந்தது.

"ரீட்டாவுக்கு அம்மா எழுதுவது. வருசத்தன்னைக்கு ஆறு மணிப் பூசை ஞானம்மாளுக்குன்னு குடுத்தேன். ஆத்துமத்துக்கா உயிரோட இருக்கவங்களுக்கான்னு சாமியார் கேட்டார். தெரியலை சாமின்னேன். சரி, ரெண்டுக்கும் ஆகுற மாதிரி வைக்கிறேன்னார். பேரை வாசிச்சப்ப சந்துக்காரங்க எல்லாம் என்னையத் திரும்பிப் பாத்தாங்க. எதிர்வீட்டுக்காரி வெளிய வந்து ஆரு ஞானம்மான்னு கேட்டா. வீட்டுக்காரம்மான்னு சொன்னேன். என்னையக் கூப்பிடுறதுக்கு நீ குடுத்த பாரத்தைத் திருப்பி வாங்கிக்க. நான் வரலை. இப்பத்தான் இந்த வீட்டுல இருக்கப் புடிச்சிருக்கு. உங்க அப்பாவுக்கு நீ அங்க வச்சிருப்ப. ஷீலாவுக்கு முத்தம்."

கடிதத்தை இரண்டுமுறை வாசித்தேன். அம்மா வைப்பார் என்று நான் இருந்தேன். நான் வைப்பேன் என்று அம்மா இருந்தார். அன்று அப்பாவுக்காக எந்த ஊரிலும் பூசை நடக்கவில்லை.

இங்கும் கோயில் இருக்கிறது, அலுவலகத்திலிருந்து நடக்கும் தூரத்தில். மதிய இடைவேளையில் போய் எழுதிக் கொடுத்தால் எந்த நாளிலும் வைப்பார்கள். இந்த வாரம் மூன்று நாள் அந்த வழியாகப் போய்வந்தேன். ஒருநாள் கதவைத் திறந்து உள்ளேகூடப் போனேன். மேசையில் இருந்த பெண் பெயர் என்ன என்று கேட்டாள். அவள் கேட்டது இறந்தவரின் பெயரை. நான் என் பெயரைச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அதிகாரியிடம் போய்ப் பாரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். காரணம் எழுதும் இடத்தில், "விண்ணப்பதாரர் தம் வீட்டிலேயே வசிக்க விரும்புகிறார்" என்று எழுதினேன்.

அம்மாவுக்கு நேற்றுப் பதில் எழுதினேன். குளிர் தொடங்கிவிட்டது, ஷீலாவுக்குப் பல் ஆடுகிறது, பாரம் திரும்ப வந்துவிட்டது, வரி ரசீதில் உன் பெயர் வந்ததும் தெரிவி என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். கடைசியில் இடம் மிச்சம் இருந்தது. வைத்தேன் என்று எழுதினால் அம்மா நம்புவார். ஒரே ஒரு சொல் போதும்.

"அப்பாவுக்கு நானும் வைக்கவில்லை" என்று எழுதி ஒட்டினேன்.